களத்துப் படியும் வறுமைக் கோடும்

1

லாஸ்பேட்டையில் மாதம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் கூடிப் புத்தகம் படிக்கிறோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள், படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள், என்னைப்போல இயக்க வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவர்கள். போன கூட்டத்துக்கு இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை எடுத்திருந்தோம். பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது பட்டப்படிப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு தம்பி எழுந்து கேட்டான்:

"அக்கா, இந்த நாவல்ல வர்ற பசியெல்லாம் இப்ப எங்கக்கா இருக்குது? எங்க காலனியில எல்லா வூட்லயும் டிவி இருக்குது, வண்டி இருக்குது, கேஸ் அடுப்பு இருக்குது. ரேஷன்ல அரிசி இல்லாதப்பவும் கணக்குல காசு போட்டான். இன்னமும் நாம வறுமையவே எழுதிக்கிட்டிருந்தா, பழங்கதை பேசுறோம்னு தான சொல்லுவாங்க?"

அவன் வாயில் வந்தது அவன் சரக்கு மட்டும் இல்லை. அரசாங்கமே அதைத்தான் சொல்கிறது. நிதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கின்படி, 2019–21 காலத்தில் புதுச்சேரியில் வறுமையில் இருந்தவர்கள் 0.85 சதவீதம். நூற்றுக்கு ஒரு ஆள்கூட இல்லை. தனிநபர் வருமானத்திலும் நாட்டின் முன்வரிசையில் நிற்கிற பிரதேசம் இது. ஆக, காகிதத்தின்படி வறுமை ஒழிந்துவிட்டது. அப்படியானால் அன்று கூட்டத்துக்கு வந்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர், பஸ் காசுக்கு யோசித்து, கோரிமேட்டிலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் ஏன் நடந்து வந்தார்கள்?

அந்தத் தம்பிக்கு அன்றைக்கு உருப்படியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்கான முயற்சி. செல்வம் பெருகும்போது வறுமை ஏன் போகவில்லை என்பது பொருளாதாரக்காரர்கள் கேட்கிற கேள்வி. தமிழ் இலக்கியம் இந்தக் கேள்வியை எப்படிக் கேட்டது, எங்கே கேட்காமல் நழுவியது என்று பார்ப்பது நம் வேலை.

2

தமிழில் வறுமைக்கு நீண்ட மரபு இருக்கிறது. சங்கப் பாட்டில் புலவன் வீட்டு அடுப்பில் காளான் பூக்கிறது, பாணன் பசியோடு வள்ளலைத் தேடி நடக்கிறான். திருக்குறளில் நல்குரவு, இரவு, இரவச்சம் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள். இந்த மரபு வறுமையின் கொடுமையைச் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதில் வறியவன் யார்? இரப்பவன். அவனுக்கு எதிரே நிற்பவன் யார்? ஈபவன். கொடுப்பவன் கையிலே இருக்கிற பொருள் எங்கிருந்து வந்தது என்கிற கேள்வி இந்த ஏற்பாட்டுக்குள் எழும்பவே எழும்பாது. நெல்லை விளைவித்த கடைசியரும் கடையரும் பாட்டில் ஓரமாக வந்து போவார்கள். அவர்களுடைய பசி பாடுபொருள் ஆகாது. உழைத்தவனுடைய பசியை 'இரவு' என்கிற சொல்லால் பேச முடியாது. அவன் கேட்பது பிச்சை அல்ல, பாக்கி.

நவீன இலக்கியம் இதை உடைத்ததா? புதுமைப்பித்தனின் 'பொன்னகர'த்தைப் பாடப்புத்தகம் முதல் மேடை வரை எல்லோருக்கும் தெரியும். அவருடைய 'துன்பக்கேணி'யைப் பேசுகிறவர்கள் குறைவு. முதல் கதையில் வறுமை நகரத்துச் சந்தில் நடக்கிற ஒரு அதிர்ச்சி. இரண்டாவதில் அது ஒரு ஏற்பாடு. சேரிப்பெண் மருதி ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுச் சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேருகிறாள். ஊரில் பண்ணை, அங்கே துரை. கங்காணி இரண்டையும் இணைக்கிறான். தேயிலை விற்ற பணம் எந்த நாட்டுக்குப் போனதோ, அந்தப் பணத்துக்கும் மருதியின் உடம்பு அழிந்ததற்கும் உள்ள தொடர்பு கதைக்குள்ளேயே இருக்கிறது. அதிர்ச்சியை விரும்புகிற வாசகர்கள் ஏற்பாட்டைப் பார்க்க விரும்புவதில்லை. அதனால்தான் ஒன்று புகழ்பெற்றது, மற்றது ஒதுங்கிக் கிடக்கிறது என்று நினைக்கிறேன்.

வெண்மணியை எடுத்துக்கொள்வோம். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கேட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி, மறுத்தது செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகுவதை. இதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆனால் ஒரு விஷயத்தைச் சேர்த்துப் பார்ப்பதில்லை. அது தஞ்சை மாவட்டம் வறண்டு கிடந்த காலம் அல்ல. 1960–61-இல் தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு இந்தியா முழுவதிலும் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. உரம் வந்தது, கடன் வந்தது, ஆடுதுறை 27 என்கிற குறுகியகால நெல் வந்தது. விளைச்சல் ஏறிய காலம் அது. விளைச்சல் ஏறியதால்தான் கூலிக்காரன் பங்கு கேட்டான். களத்தில் நெல் மலையாகக் குவிந்திருப்பதை அவன் கண்ணால் பார்த்தான், அவன்தான் அதைக் குவித்தவன். இல்லாத ஊரில் அரைப்படி கேட்டு யாரும் சங்கம் வைக்க மாட்டான். பொருள் பெருகினால் வறுமை தானாகக் குறையும் என்பவர்கள் வெண்மணிக்கு என்ன விளக்கம் தருவார்கள்? அங்கே பொருள் பெருகியது. பங்கு கேட்டவர்களுக்குத் தீ கிடைத்தது.

பிறகு உயர்நீதிமன்றம் என்ன சொன்னது? கார் வைத்திருக்கிற அளவு வசதியான மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பாணியில் காரணம் காட்டி அவர்களை விடுவித்தது. செல்வம் அங்கே சாட்சி ஆயிற்று. சொத்து இருப்பதே குற்றமற்றதற்கு ஆதாரம். இதைவிடத் தெளிவாக வறுமைக்கும் செல்வத்துக்கும் உள்ள உறவை எந்தக் கோட்பாட்டு நூல் சொல்லிவிடும்?

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' (1975) இந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்ட நாவல், சாகித்திய அகாதமி பரிசு வாங்கிய நாவல். அதில் பண்ணையாரின் ஆண்மைக்குறைவு அவருடைய வன்மத்துக்கு ஊற்றாகக் காட்டப்படுகிறது. இதைப் பலர் முன்பே விமர்சித்திருக்கிறார்கள். நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான். அரைப்படியை மறுத்ததற்குப் பண்ணையாரின் படுக்கையறையில் காரணம் தேடினால், களத்தில் இருந்த மரக்காலை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு ஆளின் நோய் என்று ஆகிவிட்டால் அந்த ஆள் செத்ததும் எல்லாம் சரியாகிவிட வேண்டும். ஆளெல்லாம் செத்துவிட்டார்கள், மரக்கால் இருக்கிறது.

3

எங்க ஆயா லாஸ்பேட்டைச் செம்மண் மேட்டில் மல்லாட்டை ஆயப் போனவள். இத்தனை படி ஆய்ந்தால் ஒரு படி கூலி என்று கணக்கு. அவள் அடிக்கடி சொல்லுவாள்: "வாங்குற படி வேற, குடுக்குற படி வேறடி. ரெண்டும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும்." சின்ன வயசில் இதை நான் ஏமாத்து வேலை பற்றிய புலம்பலாகத்தான் கேட்டேன். இப்போது அது ஒரு பொருளாதாரக் கொள்கையாகவே படுகிறது. விளைச்சல் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எந்தப் படியால் அளக்கிறார்கள், அளக்கிறவன் யார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியை மட்டும் கேட்பவர்கள் செல்வம் கூடினால் போதும் என்பார்கள்.

தலித் எழுத்து வந்தபோது நடந்தது இதுதான். பேச்சு பசியிலிருந்து படிக்கு மாறியது. பூமணியின் 'பிறகு' (1979) நாவலின் தலைப்பையே பாருங்கள். எதற்குப் பிறகு? சுதந்திரத்துக்குப் பிறகு. செருப்புத் தைக்க ஊருக்கு வருகிற அழகிரியின் வாழ்க்கை ஓடுகிறது. ஊர் மாறுகிறது, கட்சிகள் வருகின்றன, தேர்தல் வருகிறது. அழகிரிக்கு ஊர் தருகிற இடம் மட்டும் அப்படியே. பூமணி இதை ஓங்கிச் சொல்லாமல், கிண்டலும் கேலியுமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பாமாவின் 'கருக்கு' (1992) இன்னும் நேராக வருகிறது. நாயக்கர் வீட்டில் நாளெல்லாம் வேலை செய்துவிட்டு, மிச்சச் சோற்றை வாங்கிக்கொண்டு வருகிற பாட்டி. படாமல் உயர இருந்து ஊற்றுகிற தண்ணீர். அந்தச் சோறு கூலியா, தர்மமா? கொடுக்கிறவர்கள் தர்மம் என்கிறார்கள், வாங்குகிற பாட்டியும் அப்படியே நம்பியிருக்கிறாள். படித்த பேத்திதான் அதைக் கூலி பாக்கி என்று கண்டுபிடிக்கிறாள். 'கருக்கு' என்கிற நூலின் அரசியல் இந்த ஒரு மாற்றத்தில் இருக்கிறது.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்பவர்களைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதினார். இதை நாம் மேற்கோளாக மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டோம். பொருள் என்ன? சந்தையில் என் உழைப்புக்கு விலை பேசுவதற்கு முன்பே என் உழைப்பு எந்த வகை, அதற்கு எந்தப் படி என்று முடிவாகியிருக்கிறது. சந்தை வளர்ந்தால் அந்த முடிவு மாறும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

4

இப்போது 'கோவேறு கழுதைக'ளுக்கு வருகிறேன். 1994-இல் இந்த நாவல் வந்தபோது ஒருபக்கம் பெரும் பாராட்டு, இன்னொரு பக்கம் தலித் விமர்சகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு. பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கிற புதிரை வண்ணார் குடும்பம், ஆரோக்கியமும் சவுரியும் அவர்கள் பிள்ளைகளும். அவர்களை ஏவுவதும் இழிவுபடுத்துவதும் பறையர்கள். மேரியைக் கெடுப்பவன் காலனிக்காரன். சாதி இந்துக்களின் கொடுமையை எழுத வேண்டிய நேரத்தில் தலித்துகளுக்குள் இருக்கிற பிளவைக் காட்டிக்கொடுக்கிறது என்பது குற்றச்சாட்டு. எம்.ஏ. படித்த காலத்தில் நானும் அந்தக் கட்சிதான். இந்த நாவலைப் பாடத்தில் வைத்ததையே சதி என்று பேசியிருக்கிறேன்.

இந்தமுறை பிள்ளைகளோடு சேர்ந்து படித்தபோது வேறொன்று தெரிந்தது. இந்த நாவல் வறுமை பற்றிய ஒரு துல்லியமான கதை. அதுவும் ஊர் முன்னேறுகிறபோது வருகிற வறுமை.

ஆரோக்கியத்துக்குக் கூலி கிடையாது. அவளுக்கு உள்ளது ராத்திரியில் வீடு வீடாக எடுக்கிற சோறு, களத்தில் அளக்கிற தானியம், பிரசவத்துக்கும் சாவுக்கும் கிடைக்கிற சில்லறை. கேவலமான ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு உரிமை ஒட்டிக்கொண்டிருந்தது. களம் நடந்தால் வண்ணாத்திக்கு அளந்தாக வேண்டும். பிறகு காலம் மாறுகிறது. காசு புழங்குகிறது. பையன்கள் புதுச் சட்டை போடுகிறார்கள், தேய்க்கிற கடை வருகிறது, துணி அங்கே போகிறது. இளந்தலைமுறைக்கு ஆரோக்கியத்தின் முறை தெரியாது. களத்தில் அளக்கிற கை சுருங்குகிறது. நேற்றுவரை உரிமையாக வாங்கியதை இன்று கெஞ்சி வாங்க வேண்டியிருக்கிறது. சாவுக்கும் தீட்டுக்கும் மட்டும் அவள் வேண்டும். பழைய ஏற்பாட்டின் உரிமைப் பகுதி போய்விட்டது, இழிவுப் பகுதி அப்படியே இருக்கிறது. புதிய ஏற்பாட்டின் காசு வந்தது, அவள் வீட்டு வழியாக வரவில்லை. மகன் ஜோசப் வெளியூருக்கு, கடை வைக்கப் போகிறான். போகிறவன் பிழைக்கலாம். இருக்கிறவளுக்கு ஒன்றும் இல்லை.

காலனியின் மொத்த வருமானத்தைக் கூட்டிப் பார்த்தால் அது ஏறித்தான் இருக்கும். ஆரோக்கியத்தின் சட்டியில் சோறு குறைந்திருக்கும். இரண்டும் ஒரே காரணத்தால் நடந்தவை. தம்பி கேட்ட கேள்விக்கு இந்த நாவலுக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி ஏன் இல்லை? இங்கேதான் நாவல்மீது என் பழைய கோபத்தை வேறு மாதிரி வைக்க வேண்டியிருக்கிறது. ஆரோக்கியத்துக்கு அளக்கிற பறையர்கள் நிலச்சுவான்தார்கள் அல்ல. அவர்களே அடுத்தவன் காட்டில் கூலிக்குப் போகிறவர்கள். அவர்கள் கை சுருங்கியது அவர்கள் மனசு சுருங்கியதால் மட்டும்தானா? அவர்களுக்கு மேலே அளக்கிற படி என்ன ஆயிற்று? கடை முதலாளி யார், நிலத்தை வாங்கியது யார், வட்டிக்கு விட்டது யார்? நாவலின் வெளிச்சம் அந்தத் தெருவுக்குப் போகவே இல்லை. அதனால் படிக்கிற ஊர்க்காரன், 'பார், அவங்களுக்குள்ளேயே எப்படி அடிச்சுக்கறாங்க' என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூட முடிகிறது. ஆரோக்கியத்தின் வாயில் பழைய காலம் பொற்காலம்போல வருவதும் இந்தக் குறையால்தான். மேல் கணக்கு தெரியாதவளுக்கு நேற்று அளந்த படி நல்ல படியாகத்தான் தோன்றும்.

நம் விமர்சகர்கள் செய்த தவறு வேறு. மேல் கணக்கைக் காட்டவில்லை என்று கேட்டிருக்க வேண்டியவர்கள், கீழ்க் கணக்கை ஏன் காட்டினாய் என்று கேட்டார்கள். அதற்கு நாம் கொடுத்த விலை பெரிது. தலித்துகளுக்குள் பங்கு எப்படிப் போகிறது என்கிற பேச்சை நாம் எடுக்காததால் அருந்ததியர்கள் தனியாகத் தெருவுக்கு வந்து போராடித்தான் 2009-இல் தமிழ்நாட்டில் 3 சதவீத உள் ஒதுக்கீட்டை வாங்கினார்கள். உள்வகைப்படுத்தல் செல்லும் என்று உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1-இல் தீர்ப்புச் சொன்னபோதும் நம்மில் பலர் முகம் சுளித்தோம். மேலே இருப்பவன் நம்மிடம் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறானோ, அதே கேள்விக்கு நாமும் நழுவினால் எப்படி?

5

நாவல் காட்டாத மேல் கணக்கை நம் ஊரை வைத்தே போட்டுப் பார்க்கலாம்.

லாஸ்பேட்டை என்கிற பேரே ஒரு பணக்கதை. 1765 முதல் 1777 வரை இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்த ழான் லா தெ லொரிஸ்தோன் பெயரால் வந்தது என்பார்கள். அவருடைய பெரியப்பன் முறையான ஜான் லா, பிரான்சில் காகிதப் பணம் அச்சடித்து, கம்பெனிப் பங்கை விற்று, 1720-இல் எல்லாம் சரிந்தபோது ஊரைவிட்டு ஓடிய ஆள். இந்தியக் கம்பெனியும் அவர் கட்டிய அந்த மாளிகையின் ஒரு அறைதான். அந்தக் கம்பெனியின் பட்டினத்தில் செல்வம் எப்படிச் சேர்ந்தது? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1743-இல் ஆட்களைக் கடத்தி அடிமைகளாக விற்ற சங்கதி இருக்கிறது. 1745-இல் கோயிலுக்குள் பறையர்களைப் பிரிக்கக் கட்டிய சுவர் பற்றிய தகராறும் இருக்கிறது. 1848-இல் பிரெஞ்சுக்காரர்கள் அடிமைமுறையை ஒழித்தார்கள். 1850-களில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் மார்த்தினீக், குவாதலூப், ரெயூனியோன் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். மல்லாட்டை மார்செய் துறைமுகத்துக்குப் போனது, நீலத்துணி செனகலுக்குப் போனது. சுற்றியிருக்கிற கிராமங்களில் அதை ஆய்ந்தவளும் சாயம் ஏற்றியவனும் எந்தத் துறைமுகத்தையும் பார்த்ததில்லை.

ஆலை வந்தது. 1936 ஜூலை 30-இல் சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை கிடைத்தது. அந்தச் சாவுதான் இந்த ஊரில் சேரிக்காரனுக்கும் மாதச் சம்பளம் என்கிற ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த மூன்று ஆலைகளும் 2020-இல் இழுத்து மூடப்பட்டன. இன்றைக்கு ஊரில் செல்வம் இல்லையா? கடற்கரைத் தெருக்களில் ஒருநாள் அறை வாடகைக்கு ஒரு குடும்பம் ஒரு மாதம் சாப்பிடலாம். ஆனால் ஆலை வேலைக்கு இருந்த சங்கம், பி.எஃப்., பணிக்கொடை, பென்ஷன் எதுவும் அந்த அறையைக் கூட்டித் துடைக்கிற பெண்ணுக்குக் கிடையாது.

நிலத்தைப் பாருங்கள். எங்க ஆயா மல்லாட்டை ஆய்ந்த மேட்டுப் பக்கத்தில் இன்று விமான நிலையம், தாகூர் கலைக் கல்லூரி, காஞ்சி மாமுனிவர் பட்ட மேற்படிப்பு மையம், பாலிடெக்னிக், அரசு ஊழியர் குடியிருப்புகள். எல்லாம் பொதுப் பணத்தில் வந்தவை. அவற்றால் ஏறிய விலை யாருக்குப் போனது? பட்டா வைத்திருந்தவனுக்கு. பட்டா இல்லாதவனுக்கு அதே முன்னேற்றம் வாடகை உயர்வாக வந்தது. 1879-இல் ஹென்றி ஜார்ஜ் என்கிற அமெரிக்கர் 'முன்னேற்றமும் வறுமையும்' என்று ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஊர் முன்னேற முன்னேற அதன் பலனை நிலவாடகை விழுங்கிவிடுகிறது, அதனால்தான் செல்வத்தின் நடுவே வறுமை இருக்கிறது என்பது அவர் வாதம். அவருக்குச் சாதி தெரியாது. யாரிடம் நிலம் இருக்கலாம் என்பதை இங்கே பல தலைமுறைக்கு முன்பே ஊர் முடிவு செய்திருக்கிறது. நாட்டு மக்களில் தலித்துகள் ஆறில் ஒரு பங்கு. சாகுபடி நிலத்தில் தலித்துகள் கையில் இருப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிரிட்டிஷ்காரன் 1892-இல் சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலம் என்று காகிதத்திலாவது கொடுத்தான். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். கேட்கப் போன ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994-இல் காரணையில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் பிரெஞ்சு மண்ணில் அந்தக் காகிதமும் கிடையாது. விவசாய நிலம் முழுவதையும் அரசுடைமையாக்கி, நிலச்சுவான்தாரும் நிலமற்றவனும் இல்லாதபடி கூட்டாகப் பயிரிட வேண்டும் என்று அம்பேத்கர் 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்கிற திட்டத்தில் கேட்டார். அதை அரசியல் சட்டத்தில் சேர்க்கவில்லை.

இதற்கு மறுபக்கச் சாட்சியும் நம் ஊரிலேயே இருக்கிறது. 1881 ஆணைப்படி சாதிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் போனவர்களில் சேரிக்காரர்களும் உண்டு. அவர்கள் வழியில் பட்டாளத்துக்குப் போய்ப் பென்ஷன் வாங்கிய 'சொல்தா' குடும்பங்களைப் பாருங்கள். அதே சாதி, அதே தெரு. சாதியின் படிக்கு வெளியே இன்னொரு படியில் மாதாமாதம் அளந்தார்கள், இரண்டு தலைமுறையில் வீடு எழும்பியது, பிள்ளைகள் பாரீசுக்குப் போனார்கள். சோம்பேறித்தனம், குடி, கலாச்சாரம் என்று நம் வறுமைக்கு விளக்கம் சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கடைசியாக அந்த 0.85-க்கு வருகிறேன். பல்பரிமாண வறுமைக் கணக்கு எதை எண்ணுகிறது? சத்துணவு, பள்ளிப்படிப்பு, கக்கூஸ், குடிதண்ணீர், கரண்டு, சமையல் எரிவாயு, வீடு, வங்கிக் கணக்கு, டிவி, வண்டி மாதிரிச் சாமான்கள். இவை வந்தது நல்லதுதான். எங்க ஆயாவுக்கு இவை எதுவும் கிடையாது, அதை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கில் கூலி இல்லை, நிலம் இல்லை, கடன் இல்லை, என்ன வேலை என்பது இல்லை. வீட்டில் கக்கூஸ் இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். அந்தக் கக்கூஸ் அடைத்துக்கொண்டால் குழிக்குள் இறங்குகிறவன் யார் என்று எண்ணுவதில்லை. மலம் அள்ளும் வேலைக்குத் தடைச்சட்டம் 1993-இல் ஒன்று, 2013-இல் ஒன்று. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் குழிச் சாவுக்கு இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்காததால்தான் விலையை ஏற்ற வேண்டியிருக்கிறது. புதுச்சேரி நகரத்துக் கழிவு சுத்திகரிப்புக்கு லாஸ்பேட்டைக்கு வருகிறது. 2024 ஜூனில் ரெட்டியார்பாளையத்தில் கழிவறை வழியாக விஷவாயு வீட்டுக்குள்ளேயே வந்து மூன்று பெண்கள் செத்தபோது ஊரே பதறியது, பதற வேண்டியதுதான். அந்த வாயுவைத் தினமும் மூக்கில் வாங்குகிறவர்களுக்காக ஊர் எப்போது பதறியது?

6

அந்தத் தம்பி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. பசியை மட்டும் வறுமை என்று எழுதினால் இனி அது பழங்கதைதான். நம் எழுத்தும் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டது. பழைய சோறு, கிழிந்த பாவாடை, ஒழுகுகிற கூரை என்று அடுக்கினால் தலித் கதை ஆகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி எழுதுவதைப் படித்து இரக்கப்பட ஊரில் ஆள் இருக்கிறது. வள்ளல் மரபு இன்னும் சாகவில்லை. இரக்கத்துக்கு எழுதுகிறவரை நாம் புலவர்தான், பாணர்தான்.

எழுத வேண்டியது படியைப் பற்றி. ஒப்பந்தக்காரன் எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்துக்கொண்டு தருகிறான். குழுக் கடனுக்கு வாராவாரம் எவ்வளவு போகிறது, கட்டாதவள் வீட்டு வாசலில் யார் வந்து உட்காருகிறார்கள். பொறியியல் படித்த பையனுக்கு யாருடைய சிபாரிசு இல்லாமல் எது கிடைக்கவில்லை. பேர் கேட்டபின் வாடகை வீடு எப்படி இல்லையென்று ஆகிறது. இதில் நம் ஆட்கள் மேஸ்திரியாக, ஏஜெண்டாக, வார்டு பிரமுகராக நின்று எதை அளக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான். 'கோவேறு கழுதைகள்' காட்டிய கீழ்க் கணக்கும் வேண்டும், அது காட்டாத மேல் கணக்கும் வேண்டும். லாஸ்பேட்டையில் பல ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்து, 2024 நவம்பரில் மறைந்த ராஜ் கௌதமன், 'தலித் பண்பாடு' (1993) காலத்திலிருந்து நமக்குப் பழக்கிய வேலை இதுதான்: நம்மைப் பற்றி ஊர் எழுதிவைத்ததைத் தலைகீழாகப் படிப்பது, நம்மையும் விட்டுவைக்காமல் படிப்பது.

கூட்டம் முடிந்து போகிறபோது அந்தத் தம்பியிடம் கேட்டேன், அம்மா என்ன வேலை பார்க்கிறாங்க என்று. ஒரு ஓட்டலில் துப்புரவு வேலை, காண்ட்ராக்ட், பதினோரு வருஷமாக. இந்தப் பதினோரு வருஷத்தில் அந்த ஓட்டல் ரெண்டு மாடி ஏறியிருக்கிறதாம். அம்மா சம்பளம் எவ்வளவு ஏறியிருக்கு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "கேட்டதில்லக்கா" என்றான்.

கேட்டு எழுதிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன். வருஷவாரியாக, பிடித்தம் எவ்வளவு, லீவுக்கு எவ்வளவு வெட்டு, அறை வாடகை அப்போது எவ்வளவு இப்போது எவ்வளவு, எல்லாம். கதையாக வந்தால் கதை, கணக்காக வந்தால் கணக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமைக் கூட்டத்தில் வேறு புத்தகம் இல்லை. அதைத்தான் படிக்கப் போகிறோம்.